விலையில் சேராத செலவு: கல்வராயன் அடிவாரத்தில் ஒரு பழபானக் கணக்கு

இருபது ரூபாய்க்கு விற்கும் 200 மில்லி மாம்பழ பானப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பழ பானம் என்று பெயர் போட்டு விற்க அதில் 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சைக்கு 5 சதவீதமே போதும். ஆக, நம் பொட்டலத்தில் குறைந்தபட்சம் 20 மில்லி மாங்கூழ் இருக்க வேண்டும். தோலும் கொட்டையும் கழிந்தால் பழத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழ் என்பதால், அதற்கு 40 கிராம் மாம்பழம் தேவை. 2025 கோடையில் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கூழ் ஆலைகள் வாங்கும் தோத்தாபுரி ரகம் கிலோ நான்கைந்து ரூபாய்க்கு விழுந்தது. ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும், அந்தப் பொட்டலத்துக்காக மா விவசாயிக்குக் கிடைத்தது 20 காசு.

இப்போது சர்க்கரை. நூறு மில்லிக்கு 12 கிராம் என்று சற்றுக் குறைத்தே கணக்கிட்டாலும் பொட்டலத்துக்கு 24 கிராம் ஆகிறது. 9.5 சதவீதப் பிழிதிறனில் அதற்கு கால் கிலோ கரும்பு வேண்டும். 2024-25 அரவைப் பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து டன்னுக்கு 3,500 ரூபாய் என்ற விலையில், கரும்பு விவசாயிக்கு 88 காசு. மாம்பழ விலை இரண்டு மடங்கு உயர்ந்த ஆண்டிலும் கரும்பின் பங்குதான் பெரிது. பெயர் மாம்பழத்துக்கு, சரக்கு கரும்புக்கு.

அதனால்தான் பழ பானத்தின் மறைமுகச் செலவைத் தேடும் இந்தக் கட்டுரை மாந்தோப்பில் தொடங்காமல் கள்ளக்குறிச்சியின் கரும்புக் கொல்லையில் தொடங்குகிறது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. மேற்கே கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுக்தாவும் அங்கே பிறந்து கீழே இறங்கி, அணைகளில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கின்றன. கோமுகி அணைக்குப் பக்கத்திலேயே கச்சிராயபாளையம்; அங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மாவட்டத்தின் இன்னொரு கூட்டுறவு ஆலை மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், பரிகம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் போனால், கரும்பு பரந்த சமவெளியும் அணையும் மலைக்காடும் மரவள்ளிக் கொல்லைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மலைமேல் பெட்டிக்கடையில் ஷாம்பு சரங்களுக்குப் பக்கத்தில் பழ பானப் பொட்டலங்கள் தொங்கும். மலையில் பெய்த மழை கரும்பாகிச் சர்க்கரையாகி, மறுபடி மலைக்கே விலைக்கு வருகிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்படி உறுதியாகச் சொல்ல வழியில்லை. மூட்டையில் கட்டிய பிறகு சர்க்கரைக்கு ஊர் கிடையாது. எந்த ஆலையின் சர்க்கரை எந்தப் பொட்டலத்துக்குள் போனது என்பதைப் பொட்டலத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செலவு மறைவதற்கான முதல் காரணமே இந்த ஊரின்மைதான். கூழுக்கும் இதே கதி.

நீர்க் கணக்கிலிருந்து தொடங்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஆர்யன் ஹூக்ஸ்ட்ராவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சர்க்கரை சேர்த்த அரை லிட்டர் குளிர்பானத்தின் நீர்த்தடம் 169 முதல் 309 லிட்டர் வரை என்று கணித்தது. சர்க்கரை எந்த நாட்டில், எந்தப் பயிரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கியது. பான ஆலைக்குள் செலவாகும் நீர் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் மறைநீர், பெரும்பகுதி வயலில் போனது.

நம் பொட்டலத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். உலகச் சராசரியாக ஒரு கிலோ கரும்புச் சர்க்கரைக்கு ஏறத்தாழ 1,780 லிட்டர், ஒரு கிலோ மாம்பழத்துக்கு 1,800 லிட்டர் நீர் என்பது ஹூக்ஸ்ட்ரா குழுவினரின் கணக்கு. 24 கிராம் சர்க்கரைக்கு 43 லிட்டர், 40 கிராம் மாம்பழத்துக்கு 72 லிட்டர். கூட்டினால் 115 லிட்டர். அப்படியானால் மாம்பழம்தானே அதிகம் குடிக்கிறது என்று கேட்கலாம். லிட்டரை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளில் பெரும்பகுதி மானாவாரி. அந்த மரங்கள் குடிப்பது அந்த மண்ணில் விழுந்த மழை. வேறு யாருடைய குடத்திலிருந்தும் எடுத்ததல்ல. கரும்பு அப்படியில்லை. பத்து, பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும் பயிர் அது. மழையில்லாத மாதங்களில் கிணறும் போரும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. கள்ளக்குறிச்சியின் அடிநிலம் கடினப்பாறை. பாறை இடுக்குகளில் உள்ள நீர்தான் நிலத்தடி நீர். ஒருவர் போரை ஆழப்படுத்தினால் பக்கத்துக் கொல்லையின் கிணறு இறங்கும். கிணறு வற்றியவர் கடன் வாங்கிப் போர் போடுவார். அதற்கும் வசதியில்லாதவர் கூலிக்குப் போவார். மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருப்பதால் இறைத்த நீரின் விலை விவசாயியின் கணக்கிலும் ஏறுவதில்லை, ஆலையின் கணக்கிலும் ஏறுவதில்லை. மின்வாரியத்துக்கு அரசு தரும் மானியமாகவும், வற்றிய கிணற்றுக்காரரின் கடனாகவும் அது வேறு ஏடுகளில் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் பான ஆலைக்குப் போகும் நீருக்கு என்ன விலை என்று ஊரறிய விவாதம் நடந்தது கங்கைகொண்டானில். திருநெல்வேலிக்கு அருகில் உள்ள அந்த சிப்காட் வளாகத்தின் பெப்சி, கோக்க கோலா பானங்கள் தயாராகும் ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரைத் தருவதற்கு, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்குகள் தள்ளுபடியாகித் தடை நீங்கியது. அப்போது பரவலாகப் பேசப்பட்ட எண், ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அதே மலிவு விலையைக் கரும்பின் 43 லிட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: 1 ரூபாய் 61 காசு. பாதி மழைநீர் என்று கழித்துவிட்டாலும் 80 காசு. கால் கிலோ கரும்புக்கு விவசாயி வாங்கும் 88 காசுக்கு அது ஏறக்குறைய சமம். அதாவது, ஆலைக்குப் போடும் விலையையே நிலத்தடி நீருக்கும் போட்டால், விவசாயி கரும்பை விற்பதாகச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. கரும்பு விலை என்ற பெயரில் அவர் தண்ணீரைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்.

கூலிக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தால்தான் கரும்பை வெட்டலாம். தாமதமானால் கரும்பு காய்ந்து எடை குறையும். ஆள் கிடைக்காத பருவத்தில் வெட்டுக்கூலி ஏறும். அது விவசாயி தலையில் விழும். வெட்டும் குழுக்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாக வருவார்கள். பனி ஈரம் காயும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆண்கள் அடியோடு வெட்டிச் சாய்க்க, பெண்கள் கொழுந்தாடையைக் கழித்து, சோகையை உரித்து, கட்டாகக் கட்டி, சாய்த்து வைத்த பலகை மேல் ஏறி லாரியில் அடுக்குவார்கள். சோகையின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். முழங்கை வரை கிழிக்கும். கழிப்பறை கிடையாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் வரப்பில் இருப்பார்கள். முன்பணம் தீரும் வரை அந்தக் குடும்பம் வேறு வேலைக்குப் போக முடியாது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கெடுப்பில், கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலிப்பிடித்தம், முன்பணக் கடன், தனியார் மருத்துவமனையின் அவசர அறிவுரை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை உருவாக்கின. கள்ளக்குறிச்சியில் அதே நிலை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு ஊர் இல்லை என்று மேலே சொன்னதன் பொருள் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது: வெள்ளிமலையில் ஒரு பிள்ளை உறிஞ்சும் இனிப்பு எந்தப் பெண்ணின் உடலிலிருந்து வந்தது என்று கேட்க முடியாதபடி வணிகம் அமைந்திருக்கிறது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு விலையில்லா உழைப்பு புதிதல்ல. ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலைக் கிராமங்கள் 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. அதுவரை சம்பளமில்லாமல் உழைத்துக் கொடுப்பது அங்கே கடமை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. 1996 வரை இவர்களுக்கு வாக்குரிமையே இல்லை என்ற செய்தி அந்த விசாரணையில்தான் பலர் காதில் விழுந்தது. சாலையும் மருத்துவமும் இல்லாத ஊர்களிலிருந்து கூலிக்குக் கீழே இறங்குபவரிடம், கூலியைப் பேரம் பேசும் வலு எவ்வளவு இருக்கும்?

இந்தக் கேள்வி செலவை அளக்கும் முறையின் மையத்தையே தொடுகிறது. மறைமுகச் செலவைப் பணமாக மாற்ற முயன்ற இந்தியாவின் பெரிய முயற்சி, நமக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டு எல்லையில் பிளாச்சிமடாவில் நடந்தது. 2000இல் அங்கே கோக்க கோலா ஆலை தொடங்கியது. கிணறுகள் இறங்கின, நீர் கெட்டது என்று இரவாளர், மலசர் பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மயிலம்மா அதன் முகமானார். உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கசடில் காட்மியம் இருந்தது சோதனைகளில் தெரிந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசின் உயர்நிலைக் குழு 2010இல் தந்த அறிக்கை மொத்தச் சேதத்தை 216 கோடியே 26 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் வேளாண் இழப்பு ஏறத்தாழ 84 கோடி, நீராதாரங்கள் மாசடைந்ததற்கு 62 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, குடிநீர் கொண்டுவந்து கொடுத்த செலவுக்கும் கூலி இழப்புக்கும் தலா 20 கோடி அளவில்.

ஹூக்ஸ்ட்ராவின் கணக்கில் ஆலையின் நீர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அந்த ஒரு சதவீதம் ஒரே ஊரின் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டபோது ஊரே குடத்தோடு நடக்க வேண்டியதாயிற்று. சராசரி எண் சேதத்தின் இடத்தைச் சொல்லாது. அதே சமயம், போராட்டங்கள் ஆலை வாசலில் மட்டுமே நடக்கின்றன என்பதும் உண்மை. மீதி நீரில் பெரும்பகுதி போகும் வயல்கள் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் கையில் சிதறிக் கிடப்பதால், எதிரே நிற்க ஒரு வாசல் இல்லை.

பிளாச்சிமடாக் குழு கடினமான வேலையை நேர்மையாகச் செய்தது என்றே நான் கருதுகிறேன். அதன் கூலி இழப்புக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. இழந்த வேலைநாளை இருக்கிற கூலியால் பெருக்குவது பொருளியலில் வழக்கமான முறை. குறைந்த கூலி வாங்குபவரின் இழப்பு அப்போது குறைவாகவே வரும். சென்னையில் ஒரு பொறியாளர் இழக்கும் ஒரு நாள், கல்வராயனில் ஒரு பெண் இழக்கும் பத்து நாளைவிட விலை உயர்ந்ததாகிவிடும். இவ்வளவு நாள் உரிமை மறுக்கப்பட்டதால் கூலி குறைந்தது. கூலி குறைந்ததால் சேதமும் மலிவானது. சேதம் மலிவான இடத்தில் ஆலை வைப்பதே சிக்கனம் என்று கணக்கே சொல்லத் தொடங்கும். ஆற்றல்மிக்க சூத்திரங்கள் அநீதியை வட்டியோடு எடுத்துச்செல்வது இப்படித்தான்.

தஞ்சாவூரில் பிறந்து கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா இதை முன்பே பார்த்தவர். சந்தை விலை ஒரு பொருளின் பின்னால் இருக்கும் வன்முறையைச் சொல்லாது, வாங்குபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 1930களிலேயே எழுதினார். மேலைநாட்டுப் பொருளியலில் ஆர்தர் பிகு 1920இல் மூன்றாமவர் மீது விழும் செலவுக்கு வரி போடச் சொன்னார். இருவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிகு வரிக்கு வழி காட்டுகிறார். அந்த மூன்றாமவர் யார் என்று குமரப்பா காட்டுகிறார்.

உடல்நலச் செலவைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது ஓரளவு தெரிந்ததுதான். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டில், உலக உணவு முறையின் மறைமுகச் செலவு ஆண்டுக்கு 12.7 லட்சம் கோடி டாலர். அதில் எழுபது சதவீதத்துக்கும் மேல் கெட்ட உணவுப் பழக்கத்தால் வரும் நோயின் செலவு. இந்தியாவின் பங்கு 1.1 லட்சம் கோடி டாலர். ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் பொட்டலம் ஒன்றே 24 கிராம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கண்டது. எல்லாம் பழ பானத்தால் வந்ததல்ல. அரிசியும் உட்கார்ந்த வேலையும் பரம்பரையும் உண்டு. ஆனால் பங்கு எவ்வளவோ, அந்தப் பங்கின் மாத்திரைச் செலவு பான நிறுவனத்தின் கணக்கில் இல்லை. வீட்டு வாசலில் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது, கூழ் ஆலைகள் நிறைந்த அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்.

காலிப் பொட்டலத்தின் கதையும் இதுதான். காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய உறை அது. பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்க மாட்டார். கோலி சோடாக் காலத்தில் காலிப் பாட்டில் கடைக்காரரின் கடன். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். பாட்டிலைத் திரும்ப எடுக்கும் வேலை கம்பெனியிடமிருந்து கழன்று, மாதம் ஐந்தாயிரம் ரூபாய் மதிப்பூதியம் வாங்கும் ஊராட்சித் தூய்மைக் காவலர் தோளுக்கு வந்துவிட்டது. மலைச்சரிவுக் குக்கிராமத்தில் அவரும் இல்லை. இதை மாற்ற முடியாது என்பதற்கில்லை. நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்கூட்டியே வாங்கி, திருப்பித் தந்தால் கொடுக்கும் முறை வந்தது. மதுப் பாட்டிலுக்கு முடிந்தது பழ பானத்துக்கு ஏன் முடியாது?

வரி எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. மெக்சிகோ 2014இல் சர்க்கரை பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. வாங்குவது முதல் ஆண்டில் 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்தது. பிரிட்டன் 2018 முதல் சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி விதிக்கிறது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல், கார்பன் ஏற்றாத பழ பானங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. பழ விவசாயிக்கு உதவும் என்று இதற்கு வாதம் சொல்வார்கள். இருபது ரூபாய் விலை மாறாதிருந்தால், பொட்டலத்துக்கு அரசு விட்டுக்கொடுத்த வரி 1 ரூபாய் 19 காசு. மா விவசாயிக்கு அந்தப் பொட்டலத்தில் மொத்தமாகக் கிடைத்ததோ 20 காசு. விவசாயிக்கு உதவ நினைத்திருந்தால் அந்தத் தொகையில் மாம்பழ விலையையே பல மடங்கு உயர்த்தியிருக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் என்ன அளக்க வேண்டும்? முதலில் ரூபாயை ஒதுக்கி வைக்க வேண்டும். கோடையில் எந்தக் கிணறு எத்தனை அடி இறங்கியது, குடிநீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், கரும்பு வெட்டில் எத்தனை வேலைநாள் முன்பணத்தில் கழிந்தது, எத்தனை பிள்ளைகள் பருவத்தில் பள்ளியை விட்டார்கள், ஓடையில் எத்தனை மூட்டை உறை சேர்ந்தது என்று அடியிலும் நாளிலும் மூட்டையிலும் எழுத வேண்டும். ரூபாயாக மாற்ற வேண்டிய கட்டத்தில், கூலியிழப்புக்கு இருக்கிற கூலியை வைக்காமல் மாநிலம் முழுவதற்கும் ஒரே மதிப்பை வைக்க வேண்டும். கல்வராயனின் ஒரு நாளும் சென்னையின் ஒரு நாளும் ஒன்றாக எண்ணப்பட வேண்டும். மலையில் விளையும் பலாவுக்குப் பதப்படுத்தும் கூடம் வரட்டும் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் அதில் விருப்பம் உண்டு. ஆனால் அதற்கு முன் இந்த ஏடு இருக்க வேண்டும். வந்த பிறகு எழுதத் தொடங்கினால், கிணறு முன்னால் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இருக்காது.

தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அத்தகைய பகுதிகள் உள்ள மாநிலங்களில் பழங்குடிக் கிராம சபைக்கு இருக்கும் தனி அதிகாரம் கல்வராயனுக்குக் கிடையாது. இருப்பது சாதாரண கிராம சபைதான். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூட வேண்டும். கச்சிராயபாளையம் சுற்றிலும் வெள்ளிமலையிலும் உள்ள ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், விவசாயச் சங்கத்தார் அடுத்த மார்ச்சுக்குள் தங்கள் ஊர்க் கிணறுகளின் ஆழத்தையாவது அளந்து அந்தக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். பிளாச்சிமடாவுக்குத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 216 கோடி ரூபாய் அந்த மக்களின் கைக்கு வந்து சேரவில்லை. அங்கே எண் எழுதப்பட்டிருப்பதால் கேட்கவாவது முடிகிறது. நம் பக்கத்தில் எண்ணே இன்னும் எழுதப்படவில்லை.